அரிவாளுக்குள் நுழைந்த ‘சி’

கேள்வி: பழைய ஆங்கில அகராதியில், புல்லறுக்கும் நீள்பிடி அரிவாளான ‘சைத்’ எஸ்-ஐ-டி-எச்-இ என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில்: இல்லவே இல்லை. சொல்லப்போனால், தவறு நுழைந்தது எஸ்-சி-ஒய்-டி-எச்-இ என்ற இன்றைய எழுத்துக்கூட்டில்தான். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லில் ‘சி’ கிடையாது. லத்தீனில் ‘வெட்டு’ என்ற பொருளுள்ள ஒரு வினைச்சொல் ‘எஸ்-சி’ என்று தொடங்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்று நினைத்து, படித்தவர்கள் நடுவில் ஒரு ‘சி’யைச் செருகிவிட்டார்கள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில், எளிமையானது, வேருக்கும் பொருந்துவது என்று சொல்லி ‘சி’ இல்லாத வடிவத்தையே எடுத்துக்கொண்டார். நியாயம் அவர் பக்கம்தான். ஆனாலும் ‘சி’ போகவில்லை.

கேள்வி: அப்படியானால் கத்தரிக்கோலான ‘சிசர்ஸ்’?

பதில்: அதே கதை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது முதலெழுத்து ‘சி’ மட்டும்தான். முன்னால் நிற்கும் ‘எஸ்’ பிறகு ஒட்டியது.

கேள்வி: கோடரிக்கு ஏ-எக்ஸ் சரியா, ஏ-எக்ஸ்-இ சரியா?

பதில்: இரண்டும் சரி. அமெரிக்காவில் ‘இ’ இல்லாமலும் எழுதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களே, எந்த வகையில் பார்த்தாலும் ஏ-எக்ஸ்தான் மேல் என்று எழுதினார்கள்.

கேள்வி: தச்சரின் வாய்ச்சிக்கு ‘ஆட்ஸ்’ என்கிறோம். ‘ஆடிஸ்’ என்றும் பார்த்தேன். வேறு கருவியா?

பதில்: அதே வாய்ச்சிதான். பழைய சொல்லுக்கு இரண்டுக்கு மேல் அசை உண்டு. பேச்சில் தேய்ந்து ஒன்றானது. ஜான்சனுக்கு ‘ஆடிஸ்’தான் முறையான வடிவம், ‘ஆட்ஸ்’ சிதைவு.

கேள்வி: துளைபோடும் ‘ஆகர்’ முன்பு ‘நாகராக’ இருந்ததாமே, நம்பலாமா?

பதில்: தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. பழைய வடிவம் ‘நஃபோகார்’. ‘நஃபு’ என்றால் வண்டிச் சக்கரத்தின் குடம், ‘கார்’ என்றால் ஈட்டி. அச்சு நுழைய குடத்தில் துளை போடும் ஈட்டி! ‘எ நாகர்’ என்று சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் ‘அன் ஆகர்’ என்று பிரித்துக்கொண்டார்கள். ‘ந’ முன்சொல்லோடு போய்விட்டது. செருப்புத் தைப்பவரின் குத்தூசி ‘ஆல்’. அதில் நடந்தது நேர்மாறு. ‘அன் ஆல்’ பிரிந்து ‘எ நால்’ என்றும் எழுதப்பட்டது.

கேள்வி: பழைய நூலைத் தட்டச்சு செய்கிறேன். இவற்றைத் திருத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 1611 ஆங்கில பைபிளில், அடிமையின் காதைக் குத்தும் யாத்திராகம வசனத்தில் (21:6) குத்தூசி ஏ-யு-எல்-இ என்றே இருக்கிறது. திருத்தினால் அந்தக் காலத்துக் கை மறைந்துவிடும். தேடுவோருக்கு வசதி வேண்டுமானால் இன்றைய வடிவத்தை ஓரத்தில் குறியுங்கள்.

கேள்வி: ‘பிக்காக்ஸ்’ கோடரி வகையா?

பதில்: இல்லை. பழைய பிரெஞ்சிலிருந்து ‘பிக்காய்ஸ்’ போன்ற வடிவில் வந்தது. வால் கோடரி மாதிரி ஒலித்ததால் கோடரியாகவே எழுதிவிட்டார்கள். நம் ஊரில் மண் தோண்டுகிறவர்கள் ‘பிக்காஸ்’ என்பது தற்செயலாக அந்தப் பழைய ஒலிக்கு அருகிலேயே வந்து நிற்கிறது.