உங்கள் வார்டில் இதுவரை ஜெயித்தது யார் யார்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், "உங்கள் வார்டில் இதுவரை யார் யார் கவுன்சிலராக இருந்தார்கள் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி சென்னையிலிருந்து. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க சென்னை வார்டுகள்தான்.

நாங்கள் இருப்பது 134-வது வார்டு. 1996-இலிருந்து ஒரு பட்டியல் போடலாம் என்று உட்கார்ந்தேன். 2006 பட்டியலில் இருக்கும் 134-ம் இப்போதைய 134-ம் ஒன்றுதானா?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

ஒன்று என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. பட்டியல் போட உட்காரும் எல்லோரும் முதலில் இடறுகிற இடம் இதுதான், நானும் இடறியிருக்கிறேன்.

1996, 2001, 2006 மூன்று தேர்தல்களிலும் சென்னையில் 155 வார்டுகள். 2011-இல் சுற்றியிருந்த 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள், ஆக 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கினார்கள். வார்டுகள் 200 ஆயின. 155-உடன் 45 கூட்டியதாக நினைக்காதீர்கள். பழைய நகரத்துக்கு 107, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 என்று பிரித்தார்கள். அதாவது பழைய சென்னையின் 155 வார்டுகளை 107-க்குள் அடக்கினார்கள், ஏறக்குறைய மூன்று பழைய வார்டு சேர்ந்து இரண்டு புதிய வார்டு என்ற கணக்கு. ஒரு தெரு ஒரு வார்டிலும் அடுத்த தெரு இன்னொன்றிலும் போய் விழுந்தது. எண்ணும் புதிதாக வடக்கே எண்ணூர்ப் பக்கம் 1 என்று தொடங்கி தெற்கே செம்மஞ்சேரியில் 200-இல் முடிகிறது. அப்புறம் 2022 தேர்தலுக்கு முன்னால் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளை இன்னொரு முறை வரைந்தார்கள். மொத்தம் 200 என்பது மாறவில்லை என்பதால் இது பலருக்குத் தெரியவே இல்லை.

அதனால் எண்ணை விட்டுவிடுங்கள், தெருவைப் பிடித்துக்கொள்ளுங்கள். நோட்டில் மேலே உங்கள் தெருப் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அந்தத் தெரு எந்த வார்டில் இருந்தது, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டீர்கள் என்று கீழே எழுதிக்கொண்டே வாருங்கள், ஜெயித்தவர் பெயர் கடைசியில்தான். வார்டு எல்லை அரசிதழில் வடக்கே இந்தத் தெரு, கிழக்கே இந்தக் கால்வாய் என்று நாலு பக்கமும் சொல்லித்தான் வரும், அதைப் படித்தால் குழப்பம் தீரும். பழைய பத்திரிகைகளுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் போகலாம்.

என் தெரு முனையில் இருக்கும் பெயர்ப் பலகையில் வார்டு எண்ணை அழித்துவிட்டு அதன் மேலேயே புது எண்ணை எழுதியிருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது அடியில் பழைய எண் மங்கலாகத் தெரியும். என் தெருவுக்கான முதல் துப்பு எனக்கு அங்கேதான் கிடைத்தது. உங்கள் தெருப் பலகையையும் ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள்.

உங்கள் பட்டியலின் கடைசி வரியை நானே தருகிறேன். 2022-இல் 134-வது வார்டில் பாஜகவின் உமா ஆனந்தன் ஜெயித்தார். சென்னையின் 200 வார்டுகளில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

"எனக்கு ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து பல வருஷம் கவுன்சிலர் என்று ஒருவரையே பார்த்ததில்லை" என்கிறார் என் அம்மா. அவருக்கு 1950-இல் பிறப்பு. மறந்துவிட்டாரா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

அம்மாவுக்கு நினைவு சரியாகத்தான் இருக்கிறது. அப்போது ஓட்டுப் போட 21 வயது ஆக வேண்டும். அவருக்கு அந்த வயது வந்த இரண்டு வருடத்தில், 1973-இல், மாநகராட்சி மன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். மஸ்டர் ரோல் ஊழல் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. தினக்கூலிகளின் வருகைப் பதிவேட்டில் இல்லாத ஆட்களின் பெயரை எழுதிச் சம்பளம் எடுத்தார்கள் என்பது புகார். ஊழல் நடந்தால் விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பிறகு தேர்தல் வந்தது 1996 அக்டோபரில். 23 வருடம்! நடுவில் ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சியும் சென்னைக்கு வார்டுத் தேர்தல் நடத்தவில்லை. தனி அலுவலர்களே நிர்வாகம் பார்த்தார்கள். உங்கள் அம்மா முதல் முறை கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டபோது அவருக்கு 46 வயது ஆகியிருக்கலாம்.

1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு, முடிவதற்குள் தேர்தல் நடத்து, இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் நடத்து என்கிறது. 1996 தேர்தலுக்குப் பின்னால் இருந்தது அந்தத் திருத்தம்தான். ஆனாலும் மறுபடி நடந்தது. 2016 அக்டோபரில் வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, பழங்குடியினர் இட ஒதுக்கீட்டை முறையாகச் செய்யவில்லை என்ற திமுக தரப்பு வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அதே மாதம் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த மன்றம் பதவியேற்றது 2022 மார்ச் 2-ஆம் தேதி.

நடுவில் என்னவெல்லாம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல், 2019 கோடையில் ஏரிகள் வற்றிய தண்ணீர்ப் பஞ்சம், 2020-இல் கொரோனா. மூன்றிலும் சென்னையில் ஒரு வார்டுக்குக்கூட கவுன்சிலர் இல்லை. 2019 ஜூனில் எங்கள் தெருவுக்கு லாரி வரவில்லை என்று ஒரு மனுவை எடுத்துக்கொண்டு மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்தைக் கை காட்டினார்கள். கவுன்சிலர் இருந்திருந்தால் லாரி வந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்களிடம் ஓட்டு வாங்கிய ஒருவர் வீட்டு வாசலில் குடத்தோடு போய் நின்றிருப்போம், அந்த வாசலே அப்போது இல்லை.

1973 கடைசியிலிருந்து 2022 மார்ச் வரை 48 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் 28 வருடம் சென்னை வார்டுகளுக்குக் கவுன்சிலர் கிடையாது. பட்டியல் போடுகிறவர்கள் அந்த வருடங்களுக்கு நேராக "இல்லை" என்று எழுதிவையுங்கள். வெற்றிடமாக விட்டால் நாளைக்குப் பார்ப்பவர் உங்களுக்குத் தகவல் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஆலந்தூர் 2011-இல்தான் சென்னையில் சேர்ந்தது. நாங்கள் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், ஆலந்தூர்

உங்கள் நகராட்சியிலிருந்து! அதை விட்டுவிடாதீர்கள், உங்கள் கணக்கு சென்னைக்காரர்களுடையதைவிட நிறைவானது. 1986-இல் தமிழ்நாட்டில் நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது, சென்னை மாநகராட்சிக்கு நடக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சைதாப்பேட்டையில் இருந்தவர்கள் கவுன்சிலர் இல்லாமல் இருந்த காலத்தில் நீங்கள் ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள்.

ஆலந்தூரில் வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களே முன்பணம் கட்டி பாதாளச் சாக்கடை கொண்டுவந்ததை இன்றைக்கும் பிற ஊர்களில் எடுத்துச் சொல்கிறார்கள். அப்போது நகராட்சித் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ். பாரதி. மேலே சொன்ன 2016 வழக்கைத் தொடுத்தவரும் அவரே. அந்த 5,000 ரூபாயை வீடு வீடாகப் போய்ப் பேசி வாங்கிய கவுன்சிலர்களின் பெயர்களை யாராவது எழுதிவைத்தால் உண்மையிலேயே சந்தோஷப்படுவேன். 2022 தேர்தலின்போது ஆலந்தூர் மண்டலத்தில் இருந்தது 156 முதல் 167 வரை பன்னிரண்டே வார்டுகள், அந்தப் பழைய சின்ன வார்டுகள் எல்லாம் இவற்றுக்குள் கரைந்துவிட்டன.

2011-இல் இரண்டு ஓட்டுப் போட்டேன். 2022-இல் ஒன்றுதான் தந்தார்கள். ஏன்?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

2011-இல் கவுன்சிலருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று. 2022-இல் மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். 1996, 2001 நேரடி, 2006 மறைமுகம், 2011 நேரடி. அப்புறம் 2016-இல் மறைமுகம் என்று சட்டம் போட்டு, 2018-இல் நேரடி என்று மாற்றி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் மூலம் மறுபடி மறைமுகம். ஆட்சியில் இருக்கிறவர்களின் வசதிக்குத் தகுந்தபடி இதை மாற்றிக்கொண்டே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த முறை நல்லது என்று வாதம் செய்யலாம், ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டு அதில் நிற்க வேண்டும்.

1959-இல் திமுக சென்னையைப் பிடித்தது என்கிறார்களே, அப்போது வார்டு எத்தனை?
– ஒரு வாசகர், ராயபுரம்

100. திமுக ஜெயித்தது 45. தனிப் பெரும்பான்மை இல்லை, ஆனாலும் அ.பொ. அரசு மேயரானார். 1967-இல் கோட்டையைப் பிடிப்பதற்கு எட்டு வருடம் முன்பே ரிப்பன் மாளிகையில் அந்தக் கட்சி உட்கார்ந்தது. தேர்தல் வேலையை முன்நின்று பார்த்த கருணாநிதிக்கு அண்ணா மோதிரம் போட்டார் என்பதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதே கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோதுதான் 1973-இல் மன்றம் கலைக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்தக் காலத்தில் மேயர் பதவி ஒரு வருடம்தான். ஒரு மன்றத்தின் ஆயுளுக்குள் பல மேயர்கள் வந்து போவார்கள், பட்டியலில் அதைக் கவனியுங்கள்.

2006-க்கு ஒரே வார்டுக்கு இரண்டு முடிவு கிடைக்கிறது. எது சரி?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

இரண்டும் சரியாக இருக்கலாம். 2006 அக்டோபர் வாக்குப்பதிவில் சென்னையில் பெரிய வன்முறை, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அதைத் தொடர்ந்து திமுக அணிக் கவுன்சிலர்கள் ராஜினாமா செய்தார்கள். கிட்டத்தட்ட நூறு வார்டுகளில் 2007 பிப்ரவரியில் மறுபடி தேர்தல் நடந்தது. முடிவுக்குப் பக்கத்தில் மாதத்தையும் எழுதுங்கள்.

எங்கள் வார்டு பெண்கள் வார்டு ஆனது. கவுன்சிலர் அம்மாவைப் பார்க்கப் போனால் அவர் வீட்டுக்காரர்தான் பேசுகிறார். இப்படியிருந்தால் ஒதுக்கீட்டால் என்ன பயன்?
– ஒரு வாசகி, கொளத்தூர்

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் கோபம் ஒதுக்கீட்டின் மேல் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2016-இல் தமிழ்நாடு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. 2022-இல் சென்னையின் 200 வார்டுகளில் 100 பெண்களுக்கு, அதில் 16 பட்டியலினப் பெண்களுக்கு. மேயர் பதவியும் பட்டியலினப் பெண்ணுக்கு என்று ஒதுக்கினார்கள். அப்படித்தான் திரு.வி.க. நகர்ப் பக்கம் 74-வது வார்டில் ஜெயித்த ஆர். பிரியா 28 வயதில் மேயரானார். அவருக்கு முன்னால் இந்த நகரத்துக்குப் பெண் மேயர்கள் இரண்டே பேர், தாரா செரியன், காமாட்சி ஜெயராமன். 1971-72-இல் காமாட்சி ஜெயராமன் இருந்தார், அடுத்த பெண் மேயருக்கு 50 வருடம் ஆனது.

அடுத்த முறை போகும்போது மனுவை வீட்டுக்காரரிடம் கொடுக்காதீர்கள். "அம்மா கையில்தான் கொடுப்பேன், அவங்க கையெழுத்து வேணும்" என்று உட்கார்ந்துவிடுங்கள், நாலு பேர் சேர்ந்து போங்கள். இந்த மன்றத்தில் அந்த வார்டின் உறுப்பினர் அவர்தான்.

கவுன்சிலர் தேர்தலில் ஓட்டுப் போடாவிட்டால் என்ன ஆகிவிடும்? எப்படியும் ஆளுங்கட்சிதானே வரும்?
– ஒரு வாசகர், அண்ணா நகர்

2022 பிப்ரவரி 19-இல் தமிழ்நாடு முழுக்க நகர்ப்புறத் தேர்தலில் 60.7 சதவீதம் ஓட்டு விழுந்தது. சென்னையில் 43.6. ஒரு வார்டுக்குச் சராசரியாக 30 ஆயிரம் வாக்காளர் என்று வைத்தால், 13 ஆயிரம் பேர் வந்தார்கள், 17 ஆயிரம் பேர் வீட்டில் இருந்தார்கள். அந்த 13 ஆயிரத்தை நாலைந்து பேர் பிரித்துக்கொள்கிறார்கள். திமுக 153, அதிமுக 15, காங்கிரஸ் 13 என்று முடிவைப் பார்த்தால் ஒரே அலை என்றுதான் தோன்றும். ஆனால் சுயேச்சைகள் ஐந்து பேரும் ஜெயித்திருக்கிறார்கள், கட்சிச் சின்னம் இல்லாமல். உங்கள் அடுக்குமாடியும் பக்கத்து இரண்டு தெருவும் சேர்ந்து வந்தால் சில வார்டுகளில் முடிவே மாறும், சட்டமன்றத் தேர்தலில் உங்கள் ஓட்டுக்கு அந்த எடை கிடையாது.

என் கணவர் காலமாகிவிட்டார். அவர் சேர்த்துவைத்த பழைய பூத் சிலிப்புகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன, 1996-லிருந்து. குப்பையில் போட மனம் வரவில்லை. யாருக்காவது உதவுமா?
– ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

போட்டுவிடாதீர்கள் அம்மா, தயவுசெய்து. ஒரு பூத் சிலிப்பில் பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடிப் பள்ளியின் பெயர் இருக்கும், கட்சிக்காரர்கள் கொடுத்ததென்றால் வேட்பாளர் பெயரும் சின்னமும்கூட இருக்கும். இந்தத் தெரு அந்த வருடம் எந்த வார்டில் இருந்தது என்பதற்கு அதைவிட நேரான சான்று கிடைப்பது கஷ்டம். மேற்கு மாம்பலம் வாசகி தேடுவது இதைத்தான்.

ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் வருடத்தையும் அப்போது நீங்கள் குடியிருந்த தெருவையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம், பழைய தாளில் மை ஊறி மறுபக்கம் தெரியும். ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், வெயிலுக்கு இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பேரப்பிள்ளைகள் யாராவது வரும்போது முன்னும் பின்னும் போனில் படம் எடுத்து எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் வீட்டாரின் பெயரை மறைத்துவிட்டுப் பயன்படுத்திக்கொள்கிறோம். டப்பா உங்களிடமே இருக்கட்டும்.