சிஏபிடி (வயிற்று டயாலிசிஸ்) குழாய் நாலைந்து வருடத்தில் கெட்டுவிடுமா, மாற்றியே ஆக வேண்டுமா?

அப்பாவுக்கு நான்கு வருடமாக வயிற்று டயாலிசிஸ் ஓடுகிறது, குழாய் மஞ்சளித்து ஓரிடத்தில் உப்பியிருக்கிறது, மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மஞ்சளுக்காக யாரும் குழாயை மாற்றுவதில்லை. உப்பலை மட்டும் தள்ளிப்போடாமல் வயிற்று டயாலிசிஸ் நர்ஸிடம் காட்டிவிடுங்கள்.

1968-ல் டாக்டர் டென்காஃப் கொண்டுவந்த சிலிகான் குழாய்தான், இரண்டு டாக்ரான் கஃபோடு (குழாயைச் சுற்றிய துணிப்பட்டை, சதை அதில் பிடித்துக்கொள்ளும்), இன்றும் பெரும்பாலும் போடப்படுகிறது. இத்தனை வருடத்தில் மாற்று என்று அதற்குக் கெடு கிடையாது. மாற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் தொற்று அல்லது அடைப்பு. குழாயே பழுதாகிறது என்றால் அது வெளியே தொங்கும் பகுதியில்தான்.

முதலில் அடாப்டரை, அதாவது குழாயின் வெளி நுனியில் மாட்டியிருக்கும் இணைப்பைப் பாருங்கள். கெட்டியான டைட்டானியம் மெத்தென்ற குழாய்க்குள் நுழையும் இடம் அது. டிரான்ஸ்ஃபர் செட்டை (அடாப்டரோடு சேர்ந்து, பையை மாட்டும் சிறு குழாயை) தொங்கவிட்டால் சார்ஜர் ஒயர் கழுத்தில் விடுகிற மாதிரி அங்கேதான் விரிசல் விடும். அதனால் செட்டை வயிற்றோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிவையுங்கள். கிளாம்பை (குழாயை நெரித்து மூடும் கிளிப்பை) எப்போதும் ஒரே இடத்தில் போடாதீர்கள். பல் வைத்த கிளாம்ப் கூடவே கூடாது. டிரெஸ்ஸிங் பிரிக்கக் கத்தரிக்கோலை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது மருந்து. பாலியூரித்தேன் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக்கில் செய்த குழாய்க்கு ஸ்பிரிட் ஆகாது. தொற்று வராமல் தடவும் முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட்டில் இருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் அதை அரிக்கும். சிலிகானிலும் முபிரோசின் பட்ட இடம் உப்பியதாகப் பதிவுகள் உண்டு. தினமும் அயோடினில் ஊறவைப்பதும் சிலிகானுக்கு நல்லதல்ல. இதைப் படித்துவிட்டு ஆயின்மென்ட்டை நிறுத்திவிடாதீர்கள், தொற்றைத் தடுப்பதே அதுதான். பயறளவு எடுத்து, குழாய் வெளியே வரும் துளையைச் சுற்றியுள்ள தோலில் மட்டும் தடவுங்கள். குழாயில் பட்டால் துடைத்துவிடுங்கள். எதை நிறுத்துவது, மாற்றுவது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கசிவா, வியர்வையா என்று சந்தேகம் வந்தால், திரவம் உள்ளே இறங்கும்போது அடாப்டரைச் சுற்றி உலர்ந்த காஸ் துணியை வைத்துப் பாருங்கள். நனைந்தால் யூரின் சுகர் ஸ்டிரிப்பை அதில் தொடுங்கள். குளுக்கோஸ் உள்ள பைகள் போடுகிறவர் என்றால், நிறம் நன்றாக மாறினால் அது டயாலிசிஸ் திரவம்தான்.

கசிவு உறுதியானால் விரிசலுக்கும் உடம்புக்கும் நடுவே கிளாம்ப் போட்டு, ஸ்டெரைல் காஸ் சுற்றி, அடுத்த பையை ஏற்றாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃபெவிக்விக், பிளாஸ்திரி எல்லாம் வேண்டவே வேண்டாம். அந்த விரிசல் வழியாகக் கிருமி நேரே வயிற்றுக்குள் போகும். தடுப்பு ஆன்டிபயாடிக் கொடுத்து, திரவத்தைச் செல் கவுன்ட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்புவார்கள். மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல் வெள்ளணு, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை என்றால் பெரிடோனைட்டிஸ் (வயிற்று உள்சவ்வு அழற்சி) என்று எடுத்துக்கொண்டு வைத்தியம் தொடங்குவார்கள். வெளியே போதிய நீளம் இருந்தால் விரிசலுக்குக் கீழே, உடம்புப் பக்கமாக வெட்டி, புது அடாப்டரும் புது டிரான்ஸ்ஃபர் செட்டும் மாட்டினால் போதும், ஆபரேஷன் தேவைப்படாது. துளையை ஒட்டியே விரிசல் விட்டிருந்தால்தான் சிக்கல்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பல டிஸ்சார்ஜ் சம்மரியில் “சிஏபிடி கதீட்டர் போடப்பட்டது” என்ற ஒரு வரிதான் இருக்கிறது. சிலிகானா, பாலியூரித்தேனா, எந்த அளவு அடாப்டர் என்று எழுதுவதில்லை. இரவு இரண்டு மணிக்கு உடைந்த குழாயோடு வருகிறவருக்கு எதை மாட்டுவது? அப்பாவுக்குக் குழாய் போட்ட இடத்தில் கேட்டு, இந்த விவரத்தை ஃபைலில் எழுதி வாங்கி வையுங்கள்.