தன்னார்வப் பணிக்குச் சம்பளத்துடன் விடுப்பு அளித்தால் அதை சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) செலவாகக் காட்டலாமா?

காட்ட முடியாது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆனால் ஊழியர்கள் இலவசமாகத் தரும் உழைப்பைப் பணமாக மதிப்பிட்டு அந்தத் தொகையில் சேர்க்க இயலாது என்று மத்திய அரசின் கார்ப்பரேட் விவகார அமைச்சகம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே இந்த விடுப்பு நிறுவனம் தானாக முன்வந்து அளிக்கும் சலுகை; என் பார்வையில் அதனாலேயே இதற்கு மதிப்பு அதிகம்.

அமெரிக்க மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸ் இத்தகைய விடுப்பாக ஆண்டுக்கு 7 நாள், அதாவது 56 மணி நேரம், தருகிறது. கணக்காளர் ஒருவர் ஒரு நாள் மரக்கன்று நடுவதைவிட, சிறிய தொண்டு நிறுவனமொன்றின் வரவுசெலவுப் பதிவேட்டைத் தணிக்கைக்கு முன் சரிபார்த்துக் கொடுப்பது பேருதவி. அதற்கு இந்த விடுப்பை அரை நாள்களாகப் பிரித்து எடுக்கவும் விதியில் இடம் வேண்டும்.