கேளுங்கள், சொல்கிறோம்: கற்பனை மொழிக்கு ஒரு குடும்பம்

தலவாக்கலையிலிருந்து ஓர் உயர்தர மாணவி: கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு தீவு, அதில் மலையிலும் ஆற்றோரத்திலும் கடற்கரையிலுமாக மூன்று இனத்தவர். மூவரின் மொழியும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை. மூன்றுக்கும் சொற்பட்டியல் போட்டுவிட்டேன், ஆனால் வாசிப்பவர்களுக்கு அந்தச் சொந்தம் தெரியவில்லை. சொற்களைக் கொஞ்சம் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் போதுமா?

போதாது தங்கச்சி. ஒரே மாதிரி இருக்கும் சொற்களெல்லாம் உறவுச் சொற்கள் இல்லை. கடையைச் சிங்களத்தில் 'கடே' என்கிறார்கள், அது தமிழிலிருந்து போன கடன். அதை வைத்து இரண்டு மொழிகளையும் உடன்பிறப்பு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் சிங்களம் இந்தோ ஆரியக் குடும்பம், தமிழ் திராவிடக் குடும்பம். மறுபக்கம், ஏழு என்பதற்கு இந்தியில் 'சாத்', சிங்களத்தில் 'ஹத'. கேட்க வேறு மாதிரி இருந்தாலும் இவை இரண்டும் ஒரே பழைய சொல்லின் பிள்ளைகள்.

உறவைக் காட்டுவது ஒழுங்கான மாற்றம். தமிழில் பால், பல், புலி, பெண். கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹெண்ணு. சொல்லின் முதலில் நம்மிடம் ப வரும் இடத்தில் அங்கே ஹ வருகிறது, அதுவும் ஒன்றிரண்டு சொல்லில் இல்லை, வரிசையாக. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அங்கேயும் ப தான் இருந்தது, பிறகுதான் மாறியது.

இன்னொன்றைப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது. நம் 'செவி' கன்னடத்தில் 'கிவி'. இங்கே மாறியது நாம்தான்; இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் வந்த பழைய க தமிழில் ச ஆகிவிட்டது. அப்படியானால் கிளி, கேள், கெடு, கிழங்கு ஏன் மாறவில்லை? அந்த உயிரை அடுத்து வரும் ள, ட, ழ எல்லாம் நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள், அவை வந்த இடத்தில் க தப்பித்துக்கொண்டது. விதிவிலக்குக்கும் ஒரு விதி இருக்கிறது, உங்கள் தீவு மொழிகளிலும் அப்படி ஒன்று இருந்தால் வாசிப்பவர் நம்பிவிடுவார்.

அதனால் மூன்று பட்டியலையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் தாயை உருவாக்குங்கள். உதாரணத்துக்கு, தாய்மொழியில் மழைக்கு 'கெரா', கல்லுக்கு 'கைமு' என்று வைத்துக்கொள்வோம். இரண்டே விதி: எ-வுக்கு முன்னால் க வந்தால் ச ஆகும், ஐ என்ற ஒலி எ ஆகும். கடற்கரைக்காரர்களிடம் முதல் விதி முதலில் நடந்ததென்றால் கெரா 'செரா' ஆகும், கைமுவில் அப்போது எ இல்லாததால் க தப்பிக்கும், அப்புறம் ஐ மாறி அது 'கெமு' என்று நிற்கும். ஆற்றோரத்தில் இரண்டாவது விதி முந்திக்கொண்டால் கைமு முதலில் கெமு ஆகி, பிறகு 'செமு' ஆகிவிடும். அதே தாய், அதே இரண்டு விதி, வரிசை மட்டும்தான் வேறு, கிடைத்தது இரண்டு மொழி! மலைக்காரர்களுக்கு இந்த இரண்டுமே நடக்காமல் விட்டு, வேறு ஒரு மாற்றத்தைக் கொடுங்கள்.

பிரிந்ததற்குக் காரணமும் வேண்டும். இதற்கு நீங்கள் தூரம் போகத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் முன்னோரின் பேச்சு, இங்கே ஏற்கெனவே இருந்த யாழ்ப்பாணப் பேச்சிலிருந்து வேறு. நாம் 'வாரேன்' என்போம், அங்கே 'வாறன்'. இடையில் இருப்பதைச் சுட்ட யாழ்ப்பாணத்தில் இன்றும் 'உது', 'உவன்' என்கிறார்கள். அது தொல்காப்பியம் சொல்லும் அ, இ, உ என்ற மூன்று சுட்டில் ஒன்று, நம் பேச்சில் அது இல்லை. தாயின் ஒரு குணத்தை ஒரு பிள்ளை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கும், உங்கள் மலைக்காரர்களிடம் அப்படி ஒரு பழைய உருவத்தைக் கட்டாயம் விட்டுவையுங்கள். கடன் சொற்களும் கொஞ்சம் கலந்திருக்கட்டும். ஆங்கிலத்தின் 'பரேட்' காலைப் பெரட்டாகவும் 'லைன்' லயமாகவும் நம் பேச்சில் கலந்திருப்பதுபோல, வேலை வாங்கியவர்களின் சொல் வேலை செய்தவர்களிடம் தங்கிவிடும்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்: கற்பனை மொழிகளுக்கு இப்படிக் கிளை, வேர் எல்லாம் வைத்து உண்மையிலேயே யாராவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' கதையை எழுதிய, ஒக்ஸ்போர்ட்டில் மொழியியல் அறிஞராக இருந்த டோல்கீன் வாழ்நாள் முழுக்க அதைச் செய்தார். அவருடைய க்வென்யா மொழிக்குப் பின்னிஷும் சிந்தாரினுக்கு வெல்ஷும் ஒலி மாதிரிகள், ஆனால் இரண்டும் ஒரே கற்பனைத் தாயிலிருந்து விதிப்படி இறங்கியவை. அன்னப்பறவைக்கு க்வென்யாவில் 'அல்க்வா', அதே குடும்பத்தில் அவர் வைத்த இன்னொரு மொழியான தெலெரினில் 'அல்பா', சிந்தாரினில் 'அல்ஃப்'. ஒரு பழைய 'க்வ' ஒரு கிளையில் அப்படியே நிற்க, மற்றக் கிளைகளில் ப-வின் பக்கம் போயிருக்கிறது. இந்த மாற்றம் உண்மையிலேயே கெல்டிக் மொழிகளில் நடந்தது. மகனுக்கு ஐரிஷில் 'மாக்', வெல்ஷில் 'மாப்' என்று வருவது அதனால்தான். உலகத்தில் நடந்த ஒன்றை எடுத்துக் கற்பனைக்குள் வைத்ததால்தான் அவருடைய மொழிகளுக்கு அத்தனை வயது தெரிகிறது.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி: எஸ்பராண்டோ எந்தக் குடும்பம்?

தாய் கிடையாது. சாமன்ஹோஃப் 1887இல் ஐரோப்பிய மொழிச் சொற்களை எடுத்து நேரடியாகக் கட்டி வெளியிட்ட மொழி அது. ஆனால் அதற்கு ஒரு பிள்ளை உண்டு: சில சீர்திருத்தங்களை வேண்டியவர்கள் 1907இல் 'இதோ' என்ற மொழியைப் பிரித்துக்கொண்டு போனார்கள்.