கரும்புகை கக்கும் நீர்ப்பம்பி

கேள்வி: ஒரு போகம் மட்டும் ஓடிய பெற்றோல் நீர்ப்பம்பி கரும்புகை கக்குகிறது, பெற்றோலும் கூடுதலாகச் செலவாகிறது. காபுரேற்றரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபுரேற்றருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். காற்றுக் குறைந்தால் பெற்றோல் முழுமையாக எரியாமல் கரும்புகையாகவும், கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவான காபனோரொட்சைட்டாகவும் வெளியேறும். நமது செம்மண் புழுதியில் வடிகட்டி விரைவில் அடைபடும். பஞ்சு வடிகட்டியைச் சவர்க்கார நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, சில துளி எஞ்சின் ஒயில் விட்டுப் பிழிந்து பொருத்துங்கள். கடதாசி வடிகட்டியைக் கழுவக் கூடாது.

வடிகட்டியையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவோரை என்னால் பொறுக்க முடியவில்லை. கரும்புகை குறையும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே போகும் மணல் சிலிண்டரையும் பிஸ்டன் றிங்கையும் தேய்த்துவிட, பிறகு ஒயில் எரிந்து நீலப்புகை வரும், அந்தச் செலவோ வடிகட்டியின் விலையைப்போலப் பல மடங்கு. விலை குறைவு என்பதற்காக அளவு பொருந்தாத வடிகட்டி ஒன்றை நானும் வாங்கினேன். விளிம்பால் நுழைந்த புழுதி அடுத்த போகத்துக்குள் என் பம்பியின் சிலிண்டரைத் தின்றுவிட்டது. பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

கேள்வி: டூ ஸ்ட்ரோக் புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஒயில் கலக்காமல் பெற்றோல் ஊற்றியதால் பிஸ்டன் இறுகிவிட்டது. உத்தரவாதத்தில் திருத்தித் தருவார்களா? (மாங்குளம்)

பதில்: தரமாட்டார்கள், கலவை விகிதம் கைந்நூலில் இருக்கிறது, அதை வாசிக்காதது உங்கள் தவறு.

கேள்வி: தண்ணீர் ஆழத்தில் இருப்பதால் பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டலாமா? (கிளிநொச்சி)

பதில்: ஒருபோதும் கூடாது. காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கினால் இறங்கியவரையும், அவரைத் தூக்க இறங்கியவரையும் கொன்றுவிடும். மேலிருந்து உறிஞ்சும் பம்பி நடைமுறையில் 7 மீற்றர் அளவுக்கே இழுக்கும். ஆழம் அதற்கு மேற்பட்டால் மின்சார நீர்மூழ்கிப் பம்பியை வாங்குங்கள்.

கேள்வி: புதியது என்று விற்ற பம்பி இரண்டு வாரத்தில் நீலப்புகை விடுகிறது, பூச்சு உரிந்த இடத்தில் பழைய நிறம் தெரிகிறது. நான் ஒயிலைக் கூடுதலாக ஊற்றியதாகக் கடைக்காரர் சொல்கிறார். (புதுக்குடியிருப்பு)

பதில்: சமதரையில் வைத்து ஒயில் மட்டத்தைப் பாருங்கள், அது சரியாக இருந்தால் தவறு உங்களுடையது அல்ல, உங்களுக்குப் பழைய இயந்திரத்தையே விற்றிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். பூச்சு உரிந்த இடத்தைப் படம் எடுங்கள், வேறு யாரிடமும் கழற்றக் கொடுக்காதீர்கள். வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள், பற்றுச்சீட்டின் பிரதியுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள்; தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு இல்லையென்றால் இன்றே போய்க் கேளுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது வர்த்தகரின் சட்டக் கடமை.