நுண்ணுயிரியலின் தந்தை லீவன்ஹூக்கா, பாஸ்டரா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே?

இதே கேள்வியை இருபது ஆண்டுகளுக்கு முன்பு வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்டார்கள். அன்று மதிப்பெண்ணும் போனது, மனமும் நொந்தது. அதனால்தான் வேலை முடிந்து வந்த களைப்பிலும் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் இளங்கலை முதலாண்டில், முதல் அலகைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தேர்வுக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிரிகளைக் கண்ணால் கண்டு விரிவாக எழுதிவைத்ததால் ஆண்டன் வான் லீவன்ஹூக் ‘நுண்ணுயிரியலின் தந்தை’. அவை செய்யும் வேலையைச் சோதனைகளால் நிறுவியதால் லூயி பாஸ்டர் ‘நவீன நுண்ணுயிரியலின் தந்தை’. ‘நவீன’ என்ற சொல்லை விட்டுவிட்டு அச்சிடுகிறார்கள், மாணவர்கள் குழம்புகிறார்கள். இன்ன கிருமியால்தான் இன்ன நோய் என்று காட்டும் முறையை வகுத்தவர் ராபர்ட் கோக். இந்த மூன்றையும் எழுதினால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது.

இனி என் கதை.

என் ஊர் கீழக்கரை. நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் கடல்பாசி காய்ச்சாத நாள் அபூர்வம். உம்மா மதியமே பாசியை ஊறவைத்துவிடுவார். அசர் (பிற்பகல்) தொழுகை முடிந்ததும் சர்க்கரையும் பாலும் சேர்த்து, பாசி இழை ஒன்றுகூடத் தெரியாமல் கரையும்வரை காய்ச்சி, வடிகட்டி, அகலத் தட்டில் ஊற்றுவார். அப்போது எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. சித்திரை வெயிலிலும் அது கூடத்துத் தரையில் இருந்தபடியே உறையும். நோன்பு திறக்கும் நேரத்தில் கத்தியால் சாய்சதுரமாகக் கீறி ஆளுக்கு இரண்டு துண்டு கொடுப்பார்.

கல்லூரியில் முதன்முதலாக, கிருமிகளுக்கு உணவாகும் வளர்ப்பு ஊடகம் காய்ச்சிய நாளில் எனக்கு அந்தக் கூடம்தான் நினைவுக்கு வந்தது. அதைக் கெட்டியாக்க லிட்டருக்கு 15 கிராம் அகார், அதாவது கடல்பாசிச் சத்து. கிருமிகளைக் கொல்ல ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரியில் 15 நிமிடம். குடுவையை எடுத்து, புறங்கை தாங்கும் சூடு வரும்வரை பொறுத்து, சுடருக்குப் பக்கத்தில் வைத்து பெட்ரித் தட்டுகள் என்ற மூடியுள்ள வட்டத் தட்டுகளில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் மூடியில் நீர் கோத்துக்கொள்ளும். தாமதித்தால் குடுவைக்குள்ளேயே கட்டிதட்டிவிடும். என் வகுப்பில் பலர் மாதக்கணக்கில் தடுமாறினார்கள். எனக்கு முதல் நாளே கை வந்தது. நான் கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. என் கை அந்த வேலையைப் பத்து வயதிலேயே பழகியிருந்தது.

இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். நுண்ணுயிரியலின் தந்தை யார் என்றார். லீவன்ஹூக் என்றேன். பாஸ்டர் என்று திருத்தினார். எங்கள் பாடநூலில் லீவன்ஹூக் என்றுதான் இருந்தது. எதிர்த்துப் பேசத் துணிவில்லை. அடுத்து, அகார் என்றால் என்ன என்றார். “கடலில் கிடைக்கும் செம்பாசியிலிருந்து எடுப்பது ஐயா. எங்கள் வீட்டில் நோன்புக்குக் காய்ச்சுவோமே, அந்தக் கடல்பாசிதான்” என்றேன். “இது சமையல் வகுப்பு இல்லையம்மா” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். எப்படி நிரூபிப்பது என்பதுதான் தெரியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஃபேனி ஹெஸ்ஸெயைப் பற்றிப் படித்தேன். 1850இல் நியூயார்க்கில் பிறந்தவர். கணவர் வால்தர் ஹெஸ்ஸெ ஜெர்மன் மருத்துவர். 1881 வாக்கில் பெர்லினில் கோக்கின் ஆய்வகத்தில் காற்றிலுள்ள கிருமிகளை ஆராய்ந்தவர். அப்போது ஊடகத்தைக் கெட்டியாக்க, விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைச் சேர்ப்பார்கள். மனித உடலின் 37 டிகிரியில் அது உருகிவிடும். வெயில் காலத்தில் மேசையிலேயே இளகும். போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் அதைச் செரித்து நீராக்கிவிடும். தனித்தனியாக வளர்ந்த கிருமிக் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து, வாரக்கணக்கான உழைப்பு வீணாகும். உன் ஜெல்லி மட்டும் இந்த வெயிலிலும் எப்படி நிற்கிறது என்று வால்தர் மனைவியிடம் கேட்டார். அகார் என்றார் ஃபேனி. ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த டச்சுக் குடும்பத்தாரிடம் சிறுவயதில் கற்ற பக்குவம் அது.

அகார் உருக 85 டிகிரியாவது வேண்டும். உருகியது மீண்டும் உறைய 40 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். மிகச் சில நுண்ணுயிரிகளைத் தவிர வேறு எதுவும் அதைத் தின்னாது. நோய்க்கிருமியை உடல்சூட்டில் வளர்க்க இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்குமா? கோக் 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அகார் போகிற போக்கில் வருகிறது. ஹெஸ்ஸெ தம்பதியின் பெயர் வரவில்லை. 1887இல் தட்டை வடிவமைத்த பெட்ரியின் பெயரை உலகமே சொல்கிறது. அந்தத் தட்டுக்குள் இருப்பதைச் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் என் பாடநூலில் அடிக்குறிப்பாகக்கூட இல்லை.

பெண் என்பதற்காகப் பெரிதுபடுத்துகிறேன், பாஸ்டரையும் கோக்கையும் சிறுமைப்படுத்துகிறேன் என்று யாராவது எழுதுவார்கள். அப்படியில்லை. 1885இல் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பாஸ்டர் தடுப்பூசி போட்ட வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். காலராக் கிருமியைத் தேடி எகிப்து போய், அங்கிருந்து கல்கத்தா வரை வந்து 1884இல் அதைத் தனித்து வளர்த்த கோக்கின் பிடிவாதம் எனக்கு இல்லையே என்று ஏங்கியிருக்கிறேன். நான் சொல்வது வேறு. இந்தத் துறை பிறந்ததில் அடுப்படிக்குப் பெரிய பங்கு உண்டு, அதைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. டெல்ஃப்ட் நகரத் துணி வணிகரான லீவன்ஹூக், மிளகின் உறைப்புக்குக் காரணம் தேடித்தான் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டார். 1676இல் அந்த ஊறல் நீரில் அவர் கண்டவற்றுள் பாக்டீரியாக்களும் இருந்தன. பாஸ்டரைப் புளிப்பேறலின் பக்கம் இழுத்தவற்றில் ஒன்று, லீல் நகரில் பீட்ரூட் சாற்றிலிருந்து எரிசாராயம் எடுத்தவருக்கு வந்த சிக்கல். அகாருக்கு முன்பு கோக் கிருமிக் கூட்டங்களைத் தனித்தனியாக வளர்த்துப் பார்த்தது அவித்த உருளைக்கிழங்குத் துண்டில். இது சமையல் வகுப்பு இல்லை என்று சொன்னவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

பாசி என்றதும் வகைப்பாடும் நினைவுக்கு வருகிறது. உங்கள் அலகில் அதுவும் இருக்கும். தமிழில் ‘பாசி’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு உலகங்களைக் குறிக்கிறோம். வயல்நீரில் படரும் நீலப்பச்சைப் பாசிக்கு உட்கரு கிடையாது, அது பாக்டீரியா. எங்கள் கடலில் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசிக்கு உட்கரு உண்டு; அகார் கிடைப்பது அதிலிருந்து. 1969இல் விட்டேக்கர் ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது உட்கரு இல்லாதவற்றையெல்லாம் மொனிராவில் போட்டார். கார்ல் வோஸ் 1977இல் உயிரணுக்களில் உள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூற்றை ஒப்பிட்டு, மாட்டின் இரைப்பையில் மீத்தேன் உண்டாக்கும் உயிரிகளும் அவற்றின் உறவுகளும் பாக்டீரியாவே அல்ல, தனி வம்சம் என்று காட்டினார். அவைதான் ஆர்க்கியா. 1990இல் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா (உட்கரு உள்ளவை) என்று மூன்று பெரும்பிரிவுகள் வந்தன. ஐந்து உலகங்களா, மூன்று பெரும்பிரிவுகளா என்று குழம்ப வேண்டாம். முன்னது உடலமைப்பையும் உணவு கொள்ளும் விதத்தையும் பார்த்துப் பிரித்தது, பின்னது மூலக்கூற்றைப் பார்த்துப் பிரித்தது.

பிரிவுகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பாக்டீரியவியல், வைரஸியல், பூஞ்சையியல், பாசியியல், ஒட்டுண்ணியியல், நோய்த்தடுப்பியல் என்று பட்டியல் உங்கள் புத்தகத்திலேயே இருக்கும். நான் பதினேழு ஆண்டுகளாக இருப்பது மருத்துவ நுண்ணுயிரியலில், ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில், நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பிரிவில்.

அந்த வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நீங்கள் கேட்கவில்லை என்றாலும். காய்ச்சல் வந்ததும் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் விழுங்கிவிட்டு, பிறகு சிறுநீர் மாதிரியைக் கொண்டுவருகிறார்கள். தட்டில் ஒன்றும் வளராது. “வளர்ச்சி இல்லை” என்று அறிக்கை கொடுத்தால், பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறீர்களா என்று கேட்கிறார்கள். மாதிரி எடுப்பதற்கு முன்பே மருந்தைத் தொடங்கச் சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். எல்லோரையும் சொல்லவில்லை, உயிருக்கு ஆபத்தான நேரத்தில் காத்திருக்க முடியாது என்பதும் தெரியும். ஆனால் சாதாரண நீர்க்கடுப்புக்கு முதலில் மாதிரி, பிறகு மாத்திரை என்பதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா? காலையில் கொடுத்துவிட்டு மாலைக்குள் முடிவு கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: கிருமி வளர ஒரு நாள், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க இன்னொரு நாள். அதை எங்களால் விரட்ட முடியாது.

உங்கள் கேள்விக்கே திரும்புகிறேன். ஊடகத்தில் அகாரைச் சேர்க்கும் யோசனையைத் தந்தவர் யார் என்று ஒரு மதிப்பெண் வினா வந்தால் ஃபேனி ஹெஸ்ஸெ என்று எழுதுங்கள். கோக் என்று விடை போட்ட வினாவங்கி ஒன்றைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. தேர்வாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விடைத்தாளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். அன்று வாய்மொழித் தேர்வில் நான் எதிர்த்துக் கேட்கவில்லை.