சர்க்கரை குறைந்தால் ஈஸ்ட் என்ன செய்யும்? கேள்வி பதில்

பத்து வருடங்களுக்கு மேல் ஈஸ்ட் வளர்ப்புக் கலன்களோடு வேலை பார்த்தவள் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'சர்க்கரை குறைவு' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஈஸ்டுக்கு ஒரே நிலைமை இல்லை. சொட்டுச் சொட்டாகக் கிடைப்பது வேறு, இருந்தது மெல்லத் தீர்வது வேறு, திடீரென்று இல்லாமல் போவது வேறு. ஒவ்வொன்றுக்கும் அது நடந்துகொள்ளும் விதமும் வேறு.

கேள்வி (எம்.எஸ்சி. மாணவி): அக்கா, 2 சதவீத குளுக்கோஸில் ஈஸ்ட் வளர்த்தேன். வேகமாக ஏறிக்கொண்டிருந்த ஓ.டி. அளவு (திரவத்தின் கலங்கலை வைத்து வளர்ச்சியைக் காட்டும் அளவு) மாலையில் அப்படியே நின்றது. இரவில் மறுபடி மெதுவாக ஏற ஆரம்பித்தது. பாக்டீரியா புகுந்துவிட்டதா?

பதில்: ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். ஆனால் கொட்டிவிடாதீர்கள். என் முதல் வருடத்தில் இதே வளைவைப் பார்த்துப் பயந்து, நல்ல கல்ச்சர் ஒன்றைக் கொட்டினேன். அது இன்றும் உறுத்துகிறது.

நீங்கள் பார்த்தது ஈஸ்டின் இரண்டாம் பந்தி. குளுக்கோஸ் தாராளமாக இருக்கும்வரை, காற்று இருந்தாலும்கூட, ஈஸ்ட் பெரும்பகுதியை நொதிக்கவே, அதாவது சாராயமாக்கவே, செய்கிறது. கிராப்ட்ரீ விளைவு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 30 டிகிரியில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டிப்பாகும். வெளியே எத்தனால், அதாவது அந்தச் சாராயம், சேர்ந்துகொண்டே போகும். குளுக்கோஸ் தீர்ந்ததும் அந்த எத்தனாலையே உணவாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு மைட்டோகாண்ட்ரியாவும் ஆக்சிஜனும் வேண்டும், புதிய நொதிகளும் வேண்டும். அவற்றைத் தயார்செய்யும் நேரம்தான் நீங்கள் பார்த்த அந்த நிறுத்தம்.

எவ்வளவு பெரிய மாற்றம் அது! 1997-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜோசஃப் டெரிசி, விஷ்வநாத் ஐயர், பேட்ரிக் பிரவுன் மூவரும் இந்த நேரத்தில் ஈஸ்டின் ஏறக்குறைய எல்லா மரபணுக்களின் செயல்பாட்டையும் ஒரே சிப்பில் வைத்து அளந்தார்கள். ஏறத்தாழ 6,000 மரபணுக்களில் சுமார் 710 இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தன, சுமார் 1,030 பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மரபணுக்கள் இதில் அசைகின்றன.

குடுவையை இறுக மூடியிருந்தால் இரண்டாவது ஏற்றம் வராது. பஞ்சு அடைப்பு போட்டு நன்றாகக் குலுக்குங்கள்.

கேள்வி (பேக்கரி வைத்திருப்பவர்): மேடம், ஈஸ்ட் தயாரிக்கும் ஆலைகளில் மொலாசஸை (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகை) கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவார்களாமே? மொத்தமாகக் கொட்டினால் சீக்கிரம் வளராதா?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. மொத்தமாகக் கொட்டினால் வேகமாக வளரும், ஆனால் அறுவடை குறையும். நொதித்தலில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஈஸ்டுக்குக் கிடைப்பது 2 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) மட்டுமே. மிச்ச ஆற்றல் சாராயமாக வெளியே போய்விடுகிறது. சுவாசத்தில் கிடைப்பது பல மடங்கு. கணக்காகச் சொன்னால், காற்றோட்டத்தோடு குளுக்கோஸை அளந்து கொடுத்தால் 100 கிராமுக்கு 50 கிராம் அளவுக்கு உலர் ஈஸ்ட் எடுக்கலாம். நொதிக்க விட்டால் 10, 15 கிராம்தான்.

அதனால் ஆலையில் தொட்டிக்குள் சர்க்கரை எப்போதும் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருக்கும்படி வைத்திருப்பார்கள். விழும் ஒவ்வொரு சொட்டும் உடனே தின்னப்படும். பசியில் வைத்தே கொழுக்க வைக்கும் வித்தை இது. ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி உருவான முறை. இன்று நீங்கள் வாங்கும் பாக்கெட்டும் இதே வழியில்தான் வருகிறது.

ஆராய்ச்சியில் இதையே நாட்கணக்கில் நீட்டுவோம். கெமோஸ்டாட் என்ற கலனில் ஒரு பக்கம் சொட்டு விழும், அதே அளவு மறுபக்கம் வழிந்து போகும். 1950-இல் ழாக் மோனோ ஒரு பக்கமும், நோவிக்கும் ஸிலார்டும் இன்னொரு பக்கமும் தனித்தனியே முன்வைத்த முறை. அதற்குள் ஈஸ்டின் தோலே மாறுகிறது என்று சொல்லலாம். நிறைய சர்க்கரை இருக்கும்போது செல் சவ்வில் இருப்பவை குளுக்கோஸை மெத்தனமாகப் பிடிக்கும் கடத்திப் புரதங்கள். குறையும்போது அவை உள்ளே இழுக்கப்பட்டு, துளி குளுக்கோஸையும் விடாமல் பற்றும் ரகங்கள் வருகின்றன. 450 தலைமுறை இப்படியே வளர்த்த ஒரு ஈஸ்டில், அந்தப் பற்றும் கடத்திகளுக்கான மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்ததைக் கண்டார்கள். பற்றாக்குறை மரபணுவிலேயே எழுதப்பட்டுவிட்டது.

அவரே: சரி, சர்க்கரை போடாத மாவு முதலில் உப்பி, நடுவில் சோர்ந்து, மறுபடி உப்புவதும் இதனால்தானா?

பதில்: நெருங்கிய உறவு. கோதுமை மாவில் இயல்பாக இருக்கும் கொஞ்சம் சர்க்கரையை ஈஸ்ட் முதலில் முடித்துவிடும். அப்புறம், மாவிலுள்ள அமிலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை உடைத்துத் தரும் மால்டோஸ் என்ற சர்க்கரைக்கு மாற வேண்டும். குளுக்கோஸ் இருக்கும்வரை மால்டோஸ் மரபணுக்கள் பூட்டிக் கிடப்பதால் நடுவில் ஒரு சோர்வு வருகிறது. பொறுத்திருங்கள், கூடுதல் ஈஸ்ட் போட வேண்டாம்.

கேள்வி (உயிரியல் ஆசிரியர்): சர்க்கரையை ஒரேயடியாக நீக்கினால் ஈஸ்ட் செத்துவிடுமா?

பதில்: உடனே சாகாது, உறைந்து நிற்கும். வேகமாக வளரும் செல்களைக் குளுக்கோஸ் இல்லாத திரவத்துக்கு மாற்றினால், ஓரிரு நிமிடங்களிலேயே புரத உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. செல்லின் உட்புறம் அமிலத்தன்மை அடைகிறது. வழக்கமாகக் குழைவாக இருக்கும் உட்பொருள் கெட்டிப்பட்டு, உள்ளே பொருட்கள் நகர்வதே குறைந்துவிடும். குளுக்கோஸைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி இளகும்.

மெல்லத் தீரும்போது கதை வேறு. முன்கூட்டியே கிளைக்கோஜன், டிரெஹலோஸ் என்ற இரண்டு சேமிப்பு மாவுச்சத்துகளை உள்ளே சேர்த்துக்கொள்கிறது. டிரெஹலோஸ் உணவு மட்டுமில்லை, காய்ந்துபோகும்போது சவ்வையும் புரதங்களையும் காக்கும் கவசமும் அதுவே. உலர் ஈஸ்ட் பாக்கெட்டில் மாதக்கணக்கில் உயிரோடு கிடப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

கேள்வி (நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர்): கள்ளில் சர்க்கரை தீர்ந்துபோவதால்தானே மாலையில் புளிக்கிறது?

பதில்: இல்லைங்க. பதநீரில் 10 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கும், பெரும்பாலும் சுக்ரோஸ். புளிப்பு பாக்டீரியாக்களின் வேலை: முதலில் லாக்டிக் அமிலம், பிறகு காற்றுப் பட்டால் சாராயத்திலிருந்து அசிட்டிக் அமிலம். பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது ஈஸ்ட், பாக்டீரியா என்ற இரண்டு கூட்டத்தையும் தடுக்கத்தான்.

சுக்ரோஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஈஸ்ட் அதைப் பெரும்பாலும் வெளியிலேயே, இன்வெர்டேஸ் என்ற நொதியால் உடைக்கிறது. குளுக்கோஸ் நிறைய இருந்தால் இந்த நொதியின் மரபணு அடங்கியிருக்கும், குறைந்தால் எஸ்என்எஃப்1 என்ற புரதம் பூட்டைத் திறக்கும். ஆனால் உடைந்த சர்க்கரையில் பெரும்பகுதி பக்கத்துச் செல்களுக்கே போய்விடுகிறது. தன் செலவில் ஊருக்குச் சோறு போடும் வேலை. நொதி செய்யாமல் உண்டு வாழும் செல்களும் அந்தக் கூட்டத்தில் பிழைத்துக்கொள்கின்றன.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): எனக்குச் சர்க்கரை நோய். குறைவாகச் சாப்பிட்டால் ஈஸ்டின் ஆயுள் கூடுமாம். நானும் பட்டினி இருக்கலாமா?

பதில்: தயவுசெய்து ஈஸ்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். குளுக்கோஸை 2-இலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தபோது ஒரு தாய் செல் கூடுதல் முறை மொட்டுவிட்டது உண்மை (ஈஸ்டின் ஆயுளை எண்ணும் ஒரு வழி இது). 2000-இல் வெளியான ஆய்வு அது. எஸ்என்எஃப்1-இன் உறவுப் புரதமான ஏஎம்பிகே நம் உடலிலும் இருக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் நீங்கள் மருந்து எடுப்பவராக இருந்தால் பட்டினி ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு மட்டும் செய்யுங்கள்.

கேள்வி (பிளஸ் டூ மாணவன்): பள்ளிக் கண்காட்சிக்கு இதை வைத்து ஏதாவது செய்யலாமா அக்கா?

பதில்: தாராளமாக, தம்பி. ஒரே அளவு பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரே அளவு உலர் ஈஸ்ட், வாயில் பலூன். சர்க்கரையை மட்டும் அரை கிராம், 1 கிராம், 2 கிராம் என்று மாற்று. 1 கிராம் சர்க்கரை முழுக்க நொதித்தால் கால் லிட்டருக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். அதில் கணிசமான பங்கு தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். அதையும் கணக்கில் எழுது. நான்காவதாக, சர்க்கரையே போடாத பாட்டில் ஒன்றைக் கட்டாயம் வை. அதிலும் கொஞ்சம் குமிழி வந்தால், ஈஸ்ட் தன் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது என்று நடுவரிடம் சொல்.